குளிர்விப்புப் பொறுப்பாளரின் அறிக்கை

கேமிங் லேப்டாப் வைத்துக்கொள்ளாத எந்தக் குடியிருப்போர் நலச் சங்கமும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. வைத்துக்கொண்ட சங்கம் எங்களுடையது ஒன்றுதான் என்பதால், சரித்திரத்தின் சுமை முழுவதும் எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் நல்லெண்ணத்தில், சங்கத்தின் ஆண்டு மலருக்கு ‘கேமிங் லேப்டாப்: நிறைகளும் குறைகளும்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நிறைகளுக்கு ஒன்றேமுக்கால் பக்கம், குறைகளுக்குக் கால் பக்கம் என்று அளவும் அவரே கொடுத்துவிட்டார்.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். தரைத்தளத்தையும் சேர்த்து ஏழு தளங்கள், இருபத்தெட்டு வீடுகள். எல்லாவற்றுக்கும் மேலே, மொட்டைமாடியில் சங்கத்தின் பொது அறை. அதை ஒட்டினாற்போல லிஃப்டின் இயந்திர அறை. லிஃப்ட் ஒன்றே ஒன்று. ஐந்தரை மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அது மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றது. அன்றிலிருந்து எந்தப் பக்கமும் சாயாமல் நடுநிலை வகித்துவருகிறது.

ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் எங்கள் விதிப்புத்தகத்தைப் படிக்காதவர்கள். பழுதுபார்க்கும் செலவுக்குப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். பொதுக்குழு பொது அறையில்தான் கூட வேண்டும். பத்தொன்பது வீட்டார் வந்தால்தான் கூட்டம் செல்லும். லிஃப்ட் ஓடாததால் கீழ்த்தளத்தார் மேலே வரவில்லை. அவர்கள் வராததால் கூட்டம் செல்லவில்லை. கூட்டம் செல்லாததால் லிஃப்ட் ஓடவில்லை. கூட்டத்தைக் கீழேயே நடத்தலாம் என்று விதியைத் திருத்தலாம். யார் வேண்டாம் என்றது? திருத்தப் பொதுக்குழு கூட வேண்டும். பொது அறையில்.

மூன்று முறை கூடினோம். மூன்று முறையும் ஏழு பேர், எல்லாரும் மேல்மாடிக்காரர்கள். ஒருவரையொருவர் வரவேற்று, ஒருவருக்கொருவர் நன்றி சொல்லி, ஒத்திவைத்துவிட்டுக் கலைந்தோம். தலைவர் தரைத்தளத்தில் இருக்கிறார். ‘படியேற இயலாமைக்கு வருந்துகிறேன்’ என்று மூன்று முறையும் கடிதம் அனுப்பினார். அந்தக் கடிதங்களைக் கொண்டுவந்த காவலாளி படியேறித்தான் வந்தார். அவருக்கு இயலாமை அனுமதிக்கப்படவில்லை.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரியையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஆறாவது மாடி. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. படி என்றால் படத்தில் பார்ப்பதோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய அக்கா எதிர்க் கட்டடத்தில், தரைத்தளத்தில் இருந்தார். அவருக்கு இதயக் கோளாறு, அவரும் படியேறக்கூடாது. ஆகவே லிஃப்ட் நின்ற பிறகு நான்கு மாதம் இவள் பால்கனியில் நின்றுகொண்டும், அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டும் போனில் பேசிவந்தார்கள். தெருவின் அகலம் முப்பது அடி.

“அக்கா, இன்னிக்கும் தலை வாரலையா?”

“அங்கேருந்து என் தலை தெரியுதா உனக்கு? உன் வீட்டுக்காரர் பனியன் கிழிஞ்சிருக்கறது எனக்கு இங்கேருந்து தெரியுது. முதல்ல அதைத் தை.”

அந்த அக்கா வீட்டைக் காலிசெய்துகொண்டு மகளோடு இருக்கப் போவதாக முடிவாயிற்று. வேறு ஊர், போய்ச்சேர ஒரு நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மருமகன் காரோடு வருகிறார்.

“ஒரு தடவை கையைப் பிடிச்சு அனுப்பிவைக்கணுங்க,” என்றாள் என் வீட்டுக்காரி. “பால்கனியிலேருந்து கையாட்டறதுக்கு அவ என்ன ஸ்கூலுக்கா போறா? இந்த வயசுல போறவ திரும்பி வருவாளா, நான்தான் போவேனா?”

“கவலைப்படாதே. நாலு பேரைக் கூப்பிட்டு நாற்காலியோட தூக்கி இறக்கிடலாம்,” என்றேன்.

“நாலு பேர் தூக்கற நேரம் எனக்கு இன்னும் வரலை. வரும்போது சொல்றேன்,” என்றாள்.

அந்த நாலு பேர் அதே வாரம் வேறொன்றைத் தூக்கினார்கள். அதுதான் நம் கட்டுரையின் நாயகன்.

எங்கள் செயலாளர் முதல் மாடியில் இருக்கும் இளைஞர். இன்னும் கட்டாத வீடுகளைக் கணினிக்குள் கட்டி, அதற்குள் மக்களை உலவவிட்டு, ‘இதுதான் உங்க படுக்கையறை, ஜன்னலைத் திறந்தா மரம் தெரியும்’ என்று சொல்வது அவர் தொழில். கட்டிமுடித்த வீடுகளில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. அவர்தான் விதிப்புத்தகத்தை மூன்று நாள் ஆராய்ந்து வழி கண்டுபிடித்தார். பொது அறையில் ஒரு கணினி இருந்து, அதற்குள் பத்தொன்பது பேர் தெரிந்தால், பத்தொன்பது பேர் பொது அறையில் இருப்பதாகத்தானே பொருள்? சரி, அந்தக் கணினியை வாங்கப் பொதுக்குழு ஒப்புதல்? தேவையில்லை. ‘காகிதம், பேனா முதலிய எழுதுபொருள்களைச் செயலாளர் தாமே வாங்கிக்கொள்ளலாம்’ என்கிறது எட்டாவது விதி. கணினியில் எழுதலாம். ஆகவே அது எழுதுபொருள்.

“சாதாரண லேப்டாப் போதாதா தம்பி?” என்று கேட்டேன்.

“என்னய்யா இப்படிக் கேக்கறீங்க? இருபத்தெட்டு வீடு. எல்லாரும் ஒரே நேரத்துல ஏறுவாங்க. சாதாரணது தாங்குமா? இது எத்தனை பேர் ஏறினாலும் அசையாது.”

எங்கள் லிஃப்டில் எட்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது. அந்த வகையில் இது முன்னேற்றம்தான்.

எழுதுபொருள் வந்து இறங்கியது. நாலு பேர் அதை மாடி மாடியாக, ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சுவாங்கி, “மெல்ல, மெல்ல, மூலை இடிக்குது” என்று சொல்லிக்கொண்டு மேலே கொண்டுபோனார்கள். லேப்டாப் ஒருவர் கையில் அடங்கும்தான். ஆனால் பெட்டி, பெட்டிக்குள் பெட்டி, செங்கல் அளவிலான சார்ஜர், கூடவே வந்த பெரிய நாற்காலி எல்லாம் சேர்ந்து ஒரு குடித்தனம். எங்கள் வாசலைக் கடந்தபோது என் வீட்டுக்காரி கதவோரம் நின்று பார்த்தாள். “இதுக்கு முட்டி நல்லாத்தானே இருக்கு, இதைப் போய்த் தூக்கறாங்களே,” என்று மட்டும் சொன்னாள்.

இனி நிறைகள்.

முதலாவது, ஒளி. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு விளக்கு. ஏழு நிறமும் அலையலையாக ஓடும். மொட்டைமாடிப் படிக்கட்டில் ஆறு மாதமாக எரியாத பல்பை இனி மாற்ற வேண்டியதில்லை என்று செயற்குழு அன்றே முடிவெடுத்தது.

அடுத்தது ஒலி. உள்ளே இரண்டு விசிறிகள். கொஞ்சம் கடினமான வேலை கொடுத்தால் போதும், விமானம் கிளம்புகிற சத்தம். இதன் அருமை ஜனநாயகத்தில் பழகியவர்களுக்குத்தான் புரியும். பிறகு சொல்கிறேன்.

சூடு? தலைவர் கொடுத்தனுப்பும் கடிதங்களின் ஈரமான முத்திரை அதன் முதுகில் வைத்தால் நொடியில் காய்ந்தது. ஆறிப்போன காப்பியைப் பக்கத்தில் வைத்தால் மறுபடியும் குடிக்கலாம். ஒரு தடவை அதை மடியில் வைத்துப் பார்த்தேன். அது மடியில் வைப்பதற்கான கணினி அல்ல என்பதை அது எனக்கு மறக்கமுடியாத விதத்தில் தெரியப்படுத்தியது.

பேட்டரி நாற்பது நிமிடம். நீண்ட பேச்சுகளால் நாசமாய்ப்போன எத்தனையோ சங்கங்களை இந்த ஒரு குணம் காப்பாற்றியிருக்கும். திரையோ நொடிக்கு நூற்றுநாற்பத்துநாலு முறை மாறுவது. தலைவரின் நெற்றியை நாங்கள் நொடிக்கு நூற்றுநாற்பத்துநாலு முறை தரிசித்தோம். அவருக்குப் போனை நேராகப் பிடிக்கத் தெரியாததால் நெற்றி மட்டும்தான் கிடைத்தது.

இவ்வளவு சூடான சொத்தைச் சும்மா விட்டுவைக்க முடியுமா? ‘குளிர்விப்புப் பொறுப்பாளர்’ என்று ஒரு பதவி உருவாக்கப்பட்டது. சங்கச் சொத்து பொது அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. ஆகவே பொது அறைக்கு அருகில் குடியிருப்பவரும், ஓய்வுபெற்றவரும், கைகள் நல்ல நிலையில் உள்ளவருமான ஒருவர் தேவைப்பட்டார். ஏகமனதாக நான். லேப்டாப் வந்த பெட்டியின் அட்டைமூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்று விசிற வேண்டும். முப்பத்தைந்து வருடம் அலுவலகத்தில் இருந்து ஒரு பலகையில்கூட என் பதவி எழுதப்படவில்லை. இங்கே நாலாம் நாளே பொது அறை வாசலில் எழுதி மாட்டினார்கள். சற்றுத் தள்ளி நின்று மூன்று தடவை படித்தேன்.

வியாழக்கிழமை மாலை முதலாவது இணையக் கூட்டம். இருபத்திரண்டு வீட்டார் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். விசிறிகள் முழங்கின. லேப்டாப்புக்கு வரவேற்புத் தீர்மானம். குளிர்விப்புப் பொறுப்பாளருக்குப் பாராட்டுத் தீர்மானம். ஒவ்வொன்றுக்கும் செயலாளர், “ஆட்சேபம் உண்டா?” என்று முறையாகக் கேட்டார். மூன்றாம் மாடி டீச்சரம்மாள் நெடுநேரம் வாயைத் திறந்து திறந்து மூடினார்; கையைக்கூட ஆட்டினார். விசிறிச் சத்தத்தில் ஒரு எழுத்தும் கேட்கவில்லை. ‘ஆட்சேபம் எதுவும் செவியுறப்படவில்லை’ என்று பதிவானது. சொன்னேனே, ஒலியின் அருமை என்று.

அந்த அருமையால்தான் லிஃப்ட் தீர்மானமும் கடைசி இரண்டு நிமிடத்தில் நிறைவேறியது. ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் வருவார். அன்று பத்தரை மணிக்குச் செயலாளர் தன் கைப்பட உருவாக்கிய ‘லிஃப்ட் முன்னோட்டக் காட்சி’யை லேப்டாப்பிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒளிபரப்புவார்.

ஓடிப்போய் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் உடனே பால்கனிக்குப் போனாள்.

“அக்கா! ஞாயித்துக்கிழமை வரேன். கீழ வரேன். மருமகனைக் கொஞ்சம் காக்கச் சொல்லு.”

“வரும்போது அந்தப் பச்சைச் சால்வையைப் போத்திட்டு வா. நான் வாங்கிக் கொடுத்தது. ஒரு தடவைகூட நீ போட்டு நான் பார்க்கலை.”

சனிக்கிழமை முழுவதும் அந்தச் சால்வை நாற்காலி முதுகில் மடித்துத் தயாராகக் கிடந்தது.

ஞாயிறு, ஒன்பதரை மணி. மெக்கானிக் ஏழு மாடி ஏறி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, இயந்திர அறையைத் திறந்தார். ஐந்து நிமிடத்தில் உள்ளங்கையில் அடங்குகிற கறுத்துப்போன ஒரு சாமானைக் காட்டினார்.

“இதான் போயிருக்கு. புதுசு கொண்டாந்திருக்கேன். பத்து நிமிஷ வேலை. இந்த லைனை மட்டும் ஆஃப் பண்ணணும்.”

அந்த லைனில்தான் பொது அறையின் ஒரே ப்ளக் இருந்தது. அந்த ப்ளக்கில்தான் லேப்டாப் இருந்தது. லேப்டாப்பில் செயலாளர் இருந்தார். முன்னோட்டக் காட்சி எழுபத்தொரு சதவீதம் தயாராகியிருந்தது. நான் விசிறிக்கொண்டிருந்தேன்.

“இப்ப ஆஃப் பண்ண முடியாதுங்க,” என்றார் செயலாளர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நடுவுல கரண்ட் போனா லிஃப்ட் மெதுவாயிடும்.”

“எந்த லிஃப்ட்டு?”

“இந்த லிஃப்ட்டு.” திரையைக் காட்டினார்.

மெக்கானிக் திரையைப் பார்த்தார். இயந்திர அறையைப் பார்த்தார். “சார், இதுல பேட்டரி இருக்குல்ல?”

“பேட்டரியில போட்டா இதோட முழு பலம் வராது. கதவு திறக்கறப்ப கண்ணாடியில வெளிச்சம் வழுக்கிட்டுப் போகணும். அது தடுக்கித் தடுக்கிப் போகும். இருபத்தெட்டு வீடு பார்க்குது, அசிங்கமாயிடாதா?”

“அப்ப கீழ் வீட்டுல கொண்டுபோய் மாட்டிக்குங்க. பத்தே நிமிஷம்.”

“சங்கச் சொத்து அறையை விட்டு வெளிய போகக்கூடாது. விதி.”

“பத்து மணிக்கு எனக்கு வேற கட்டடம் இருக்கு சார். இப்ப விட்டா அடுத்த மாசம்தான் நம்ம வரிசை வரும்.”

“எண்பத்தி ரெண்டு பர்சென்ட் வந்தாச்சு. கொஞ்சம் பொறுங்க.”

மெக்கானிக் பொறுத்தார். சதவீதம் எண்பத்திரண்டிலேயே நின்றது. நிற்பதில் அது அசல் லிஃப்டைப் போலவே இருந்தது. கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார். ப்ளக் என் காலடியில், ஒரு முழ தூரத்தில் இருந்தது.

“பெரியவரே, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சொன்னேன். “விஷயம் பரிசீலனையில் இருக்கிறது,” என்றேன். இப்படிப்பட்ட ஒரு வாக்கியம் இத்தனை கம்பீரமாக என் வாயிலிருந்து வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பலகையில் பதவி எழுதியிருப்பவர்களுக்கு அது தானாக வரும் போலிருக்கிறது.

மெக்கானிக் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். அப்போது மணி பத்து.

சரியாகப் பத்தரைக்குக் காட்சி தொடங்கியது. அடடா! தரையெல்லாம் பளிங்கு. கதவு இரண்டாகப் பிரிகிறது, வெளிச்சம் வழுக்குகிறது. உள்ளே கண்ணாடி, கண்ணாடிக்குள் கண்ணாடி. லிஃப்ட் ஒரு குலுங்கலும் இல்லாமல் தரைத்தளத்திலிருந்து ஆறாவது மாடிக்கு வழுக்கிக்கொண்டு ஏறுகிறது; மறுபடி இறங்குகிறது. வீடு வீடாக எல்லாரும் போனில் பார்த்துக் கைதட்டினார்கள். தலைவரின் நெற்றி உணர்ச்சிவசப்பட்டது.

“நாலு மாசத்துக்கு அப்புறம் நம்ம லிஃப்ட் ஓடறதைப் பார்க்கறேன்,” என்றார். “கண்ணு கலங்குது.”

அவருடைய கண் கலங்கியதா என்பதை உறுதிசெய்ய வழியில்லை.

இதற்கிடையில் என் சட்டைப்பையில் போன் ஐந்து முறை அடித்திருக்கிறது. விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ‘ஆட்சேபம் எதுவும் செவியுறப்படவில்லை.’

காட்சி முடிந்து, அட்டையைக் கீழே வைத்துவிட்டு, மொட்டைமாடிச் சுவரோரம் வந்து எட்டிப்பார்த்தேன். எதிர்க் கட்டட வாசலில் கார் நின்றது. அதன் பக்கத்தில் ஒரு பச்சைச் சால்வை.

நடந்ததைப் பிற்பாடு காவலாளிதான் சொன்னார். மெக்கானிக் படியிறங்கி வருகையில் என் வீட்டுக்காரி கதவைத் திறந்து, “லிஃப்ட் சரியாயிடுச்சாப்பா?” என்று கேட்டிருக்கிறாள். “இல்லம்மா, அது மேல படம் காட்டிட்டிருக்கு,” என்றிருக்கிறார் அவர். அவள் எனக்குப் போன் செய்திருக்கிறாள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு போனை உள்ளே வைத்துவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாக. நூற்றுப்பதினாலு படி, நான் எண்ணியிருக்கிறேன். மெக்கானிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுக்கு ஒரு படி கீழே, பின்பக்கமாகவே இறங்கியிருக்கிறார், அவள் சரிந்தால் பிடிக்க. பத்து மணிக்குப் போக வேண்டிய கட்டடத்துக்கு அவர் பதினொன்றே காலுக்குத்தான் போனாராம்.

மேலேயிருந்து எனக்கு முகங்கள் தெரியவில்லை. இரண்டு வெள்ளைத் தலைகள் வெகுநேரம் ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு அக்கா காருக்குள் ஏறினார். பிறகு சால்வையும் ஏறியது. கார் போய்விட்டது.

இரவல் போனில் மாலை அவள் குரல் வந்தது.

“நான் அக்காவோட போறேங்க. இறங்கிட்டேன், திரும்ப ஏறறதுக்கு முட்டி இல்லை. வாசல்லயா உக்கார்ந்திருக்க முடியும்? சாம்பார்ப்பொடி மேல் தட்டுல இருக்கு. உங்க பனியனைத் தச்சு வச்சிருக்கேன்.”

அது ஆயிற்று ஆறு வாரம். மெக்கானிக்கின் வரிசை இன்னும் வரவில்லை. அவருடைய நிறுவனம் எங்கள் கட்டடத்தை ‘ஒத்துழைப்பு இல்லாதது’ என்று பட்டியலின் கடைசிக்கு மாற்றிவிட்டது. ஆனால் சங்கம் மனிதாபிமானம் இல்லாதது என்று யாரும் சொல்லிவிட முடியாது. செயலாளர் என் வீட்டுக்காரியின் பழைய புகைப்படம் ஒன்றை வாங்கிப்போய், அவளை முன்னோட்டக் காட்சியில் சேர்த்துவிட்டார். வெள்ளைத் தலை, பச்சைச் சால்வை, அச்சு அசல். சால்வையின் நூல் நூலாக அசைகிறது. அதற்குத்தான் கேமிங் லேப்டாப் வேண்டும் என்பது. தினமும் மாலை ஐந்து மணிக்கு அவள் தரைத்தளத்தில் ஏறுகிறாள். ஆறாவது மாடியில் கதவு திறக்கிறது. நான் விசிறுகிறேன்.

நேற்று போனில் கேட்டாள்.

“லிஃப்ட் ஓடுதா?”

“பிரமாதமா ஓடுது. நீயே தினமும் அதுலதான் ஏறி வர்றே.”

“நானா? வந்து என்ன பண்றேன்?”

“கதவு திறக்கும். நிக்கறே.”

“வெளிய வரமாட்டேனா?”

“நடக்கறதுக்கு இன்னும் போடலை. அடுத்த அப்டேட்ல வருமாம்.”

“ஏங்க,” என்றாள். “அன்னிக்கு அந்த ப்ளக்கைப் பிடுங்க ஒரு கை போதும்னு அந்த மெக்கானிக் தம்பி படியெல்லாம் சொல்லிட்டே வந்தார். உங்களுக்கு ரெண்டு கை இருந்துதே?”

“ரெண்டு கையிலயும் அட்டை இருந்தது,” என்றேன். கூட்டக் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது.

அவள் போனை வைத்துவிட்டாள்.

இத்துடன் நிறைகள் முற்றும். செயலாளர் குறைகளுக்கு ஒதுக்கிய கால் பக்கம் மீதமிருக்கிறது. அதற்கு அவ்வளவு இடம் தேவைப்படாது. தீர ஆராய்ந்ததில் கேமிங் லேப்டாப்பில் நான் கண்ட குறை ஒன்றே ஒன்றுதான்: தன் ப்ளக்கைத் தானே பிடுங்கிக்கொள்ளும் வசதி அதில் இல்லை. அதற்கு ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அன்று அந்த அறையில் பொறுப்பாளர்கள் இரண்டு பேர் இருந்தோம். மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரைப் பத்து மணிக்கு அனுப்பிவிட்டோம்.